காசிக்குப் போக ஒரே ஒரு முதுகுப் பை

எங்கள் வீட்டில் யார் காசிக்குக் கிளம்பினாலும் பை கட்டித் தருவது நான்தான். பெரியம்மா, அத்தை, எதிர்வீட்டு ஆச்சி என்று எல்லாரும் அறுபதைத் தாண்டியவர்கள். அவர்களிடம் முதலில் நான் சொல்வது: உங்கள் பையை நீங்களே மாட்டிக்கொண்டு படி ஏறி இறங்க முடிய வேண்டும். இன்னொருவர் தூக்கித் தருவார் என்ற நினைப்பில் ஒரு பொருளும் உள்ளே போகக் கூடாது.

ஸ்லீப்பர் வகுப்பில் ஒருவருக்கு 40 கிலோ வரை ரயில்வே இலவசமாக அனுமதிக்கிறது. அதை நம்பிக் கட்டாதீர்கள். காசியில் கோதௌலியா பக்கம் ஓரிடத்துக்கு மேல் ஆட்டோ வராது. அப்புறம் சந்துதான். கல் பாவிய தரை, சாணி, எதிரே மாடு, பின்னால் ஹாரன் அடிக்கும் பைக். அங்கே சக்கரப் பெட்டியை இழுக்க முடியாது. கங்கைக் கரையோரம் தங்கினால் படிக்கட்டு வேறு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாட்டும் அளவில் ஒரு பை போதும். நிரப்பிய பிறகு 5 கிலோவைத் தாண்ட விடாதீர்கள். எடை பார்க்கும் மெஷினில் பையோடு ஒரு தடவை, பையில்லாமல் ஒரு தடவை ஏறி நின்று கழித்துக்கொள்ளுங்கள்.

துணியில்தான் பாதி எடை இருக்கிறது. மார்கழி, தையில் அங்கே பனிமூட்டம். வெயில் எட்டிப் பார்க்காத நாளும் உண்டு, இரவில் 10 டிகிரிக்குக் கீழே இறங்கிவிடும். காட்டன் சேலையை நனைத்தால் மறுநாளும் ஈரமாகவே இருக்கும். ஈரத்தோடு மடித்து வைத்தால் பை முழுக்க வாடை. அதனால் பூனம் சேலை மூன்று: உடுத்தியது ஒன்று, பையில் இரண்டு. கங்கையில் முங்கி எழுந்து பிழிந்து கொடியில் போட்டால் அறைக்குள்ளேயே உலர்ந்துவிடும். சேலையை யோசிக்கிறவர்கள் உள்பாவாடையை மறந்துவிடுகிறார்கள். கடைசிவரை காயாமல் கிடப்பது அதுதான். சாட்டினில் தைத்தது இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆண்களுக்கு நாலு முழ வேட்டி. பூந்துவாலை வேண்டவே வேண்டாம், ஈரிழைத் துண்டு இரண்டு எடுங்கள். பூஜைக்கென்று கனமில்லாத பட்டு ஒன்று இருந்தால் சரி.

ஸ்வெட்டரையும் சால்வையையும் பைக்குள் திணிக்காதீர்கள். சென்னையில் ஏறும்போது கையில் இருக்கட்டும். வடக்கே போகப் போகத் தானாகத் தேவைப்படும். ஏசி பெட்டியில் கம்பளியும் விரிப்பும் தருவார்கள். ஸ்லீப்பரில் தர மாட்டார்கள், அதற்கு மட்டும் மெல்லிய போர்வை ஒன்று கூடுதல்.

சாப்பாட்டு மூட்டை. இதில்தான் எனக்கும் அத்தைக்கும் சண்டையே வரும். போகும்போது ரயிலில் இரண்டு இரவு. முதல் நாளுக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, வாழை இலையில் கட்டியது. சாப்பிட்டதும் இலையோடு எடை போய்விடும். மறுநாளுக்குப் புளிக்காய்ச்சல் ஒரு சின்ன டப்பா. முறுக்கு டின், ஊறுகாய் ஜாடி, எவர்சில்வர் அடுக்கு எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். காசியில் தென்னிந்தியச் சாப்பாடு கிடைக்கிறது.

திதி கொடுக்கிறவர்கள் எள், தர்ப்பை, பச்சரிசி என்று கட்ட ஆரம்பிப்பார்கள். முன்கூட்டிப் பேசிவைத்த சாஸ்திரிகளிடம் போனில் ஒரு வார்த்தை கேளுங்கள். பெரும்பாலும் அவரே வைத்திருப்பார். ராமேஸ்வரத்து மணலை மட்டும் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். பிரயாகையில் திரிவேணி சங்கமத்தில் சேர்க்க ஒரு கைப்பிடி போதும்.

மாத்திரையில் மட்டும் நான் சிக்கனம் பார்ப்பதில்லை. பனியில் ரயில் பல மணி நேரம் தாமதமாகும். போகும் நாட்களுக்கு மேல் நாலு நாளைக்குச் சேர்த்து எடுத்து, டாக்டர் சீட்டோடு பையின் மேல் அறையில் வையுங்கள். ஆதாரும் பணமும் இடுப்பில் செருகும் சுருக்குப் பையில். விஸ்வநாதர் சன்னிதிக்குள் கைபேசியோ பையோ கொண்டுபோக முடியாது. அறையிலேயே பூட்டி வைத்துவிட்டு சுருக்குப் பையோடு மட்டும் போனால் லாக்கர் தேடி அலைய வேண்டாம். காலுக்கு ஈரப்படியில் வழுக்காத ரப்பர் செருப்பு ஒரு ஜோடி. சோப்பு, பேஸ்ட் எல்லாம் சின்ன அளவில்.

திரும்பும்போது கனம் ஏறுவது கடையில். அன்னபூரணி விக்கிரகம், கங்கைச் சொம்பு, பனாரஸ் பட்டு என்று உறவுக்காரர்கள் பட்டியல் தருவார்கள். கடைசி நாள்வரை எதையும் வாங்காதீர்கள். கறுப்புக் கயிறு நூறு வாங்கினாலும் பை உணராது, அதைத் தாராளமாக வாங்கிக் கொடுங்கள். மூடி பற்றவைத்த சொம்பு சின்னதாக இரண்டு போதும், அதைக் கையில் கொண்டுவாருங்கள். சேலைகளைத் தபால் ஆபீசில் பார்சலாக அனுப்பிவிடுங்கள். ரசீதைச் சுருக்குப் பையில் போட மறக்காதீர்கள்.