வெறும் பெட்டி அனுப்பக்கூடாது

பக்கத்து வீட்டிலிருந்து பலகாரம் வந்த பெட்டியைத் தட்டித் துடைத்து வெறுமனே கொண்டுபோக வெளிக்கிட்டால், அம்மம்மா படலையடியிலேயே மறிப்பா. ஒரு சுண்டு அரிசி, இல்லாவிட்டால் ரெண்டு முருங்கைக்காயாவது உள்ளே விழவேணும். அந்தப் பெட்டியைத்தான் இப்போது இழைக்கப் போகிறோம்.

பனங்குருத்தோலை எடுங்கோ. முற்றின சார்வோலை முரடு, கடகம் எண்ட பெரிய கூடைக்குத்தான் சரி. வெயிலில் வெளுக்கக் காயவிட்டு, பின்னேரமே உள்ளே எடுங்கோ. ஒருமுறை முற்றத்தில் மறந்துபோய் விட்டுவிட்டேன். விடியப் பார்த்தால் பனி குடித்துக் கறுத்துக் கிடந்தது. அடுப்பு மூட்டத்தான் உதவியது.

சத்தகத்தால், அதுதான் ஓலை வாருகிற சின்னக் கத்தியால், ஈர்க்கை நீக்கி, அரை விரல் அகலக் கீற்றுகளாக வாருங்கோ. ஈரத்துணியால் கொஞ்சநேரம் மூடி வைத்தால் முறியாது.

16 ஓலை காணும். 8 ஓலையைக் கிடையாக அடுக்கி, மற்ற 8ஐயும் ஒன்று மேலே, ஒன்று கீழே விட்டுச் சதுரமாக இறுக்குங்கோ. இனித்தான் வித்தை. சதுரத்தின் மூலைதான் பெட்டியின் மூலை என்று நினைத்தால் பிழைத்துப்போகும். ஒவ்வொரு பக்கத்திலும் நடுவிலுள்ள 4ஆம், 5ஆம் ஓலைகளை ஒன்றின்மேல் ஒன்று குறுக்காகப் போட்டு இழுங்கோ. அந்த இடத்தில் அடி நிமிர்ந்து மூலை வரும். பிறகு ஓலை எல்லாம் சாய்வாக ஏறும். இழுவை தளர்ந்தால் பெட்டி ஒருபக்கம் சரியும். என்னுடைய முதல் பெட்டி அப்படித்தான்; அம்மம்மா ஒன்றும் கதையாமல் முழுக்கப் பிரித்துக் கையில் தந்தா.

வாய்க்கு முடிச்சே இல்லை. ஓலையை மடித்து, எதிர்ச்சாய்வில் மற்ற ஓலை ஏறின வழியால் இறக்கிச் செருகுங்கோ. சுவர் இரட்டையாகும். அடி நாலு மூலை, வாய் வட்டம்.

சிவப்பு, பச்சைச் சாயம் தோய்த்த ஓலை இடையில் ஓடினால் கலியாண வீட்டுக்குப் போகலாம். எங்கள் வீட்டில் செத்தவீட்டுக்கு எடுக்கிற பெட்டியில் நிறம் இராது. கொட்டைப்பெட்டியின் கதை வேறு: வெற்றிலை, பாக்கு, சில்லறையோடு அம்மம்மாவின் இடுப்பிலேயே கிடக்கும், அம்மப்பாவும் தொடமாட்டார்.

அதே பனையோலையைச் சத்தகம் வாரினால் பெட்டி, எழுத்தாணி கீறினால் ஏடு. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் எரிந்தவற்றில் ஓலைச்சுவடிகளும் உண்டு. அம்மம்மாவுக்கு எழுத வராது. ஆனால் இழையைப் பார்த்தே இது ஆருடைய கைப் பெட்டி என்று சொல்லுவா.

நீட்டிக்கொண்டு நிற்கிற நுனிகளை நறுக்கி, ஒருநாள் நிழலில் விடுங்கோ. ஆருக்கும் குடுக்கும்போது உள்ளே ஏதாவது இருக்கட்டும். நான் பனங்கட்டி வைப்பேன்.