தீனிக்கு முன் ஐந்து நிமிடம்

காலையில் மீன் தொட்டி விளக்கைப் போட்டதும் தீனி டப்பாவைக் கையில் எடுக்காதீர்கள். டப்பாவைக் கண்டால் உடம்பு சரியில்லாத மீன்கூட முண்டியடித்து வரும். அப்புறம் எது சோர்ந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது. நான் விளக்கைப் போட்டுப் பத்து நிமிடம் விட்டு, சற்றுத் தள்ளி ஐந்து நிமிடம் அசையாமல் உட்காருவேன். நியான் டெட்ரா மீன் இரவில் வெளிறிப்போகும், விடிந்த பின்தான் நிறம் திரும்பும். அதற்குப் பயப்பட வேண்டாம்.

முதலில் தலைகளை எண்ணுங்கள். செடிக்குப் பின்னால் செத்துக்கிடக்கும் ஒரு மீன் அழுகினால் சின்னத் தொட்டியில் அமோனியா என்ற நச்சு ஏறிவிடும். அடுத்து துடுப்பு விரிந்திருக்கிறதா, செவுள் எவ்வளவு வேகமாக அடிக்கிறது என்று பாருங்கள். ஃபைட்டரும் கௌராமியும் மேலே வந்து காற்றை விழுங்குவது அவற்றின் இயல்பு. கோரிடோரஸும் திடீரென்று மேலே பாய்ந்து ஒரு வாய் காற்று வாங்கிக்கொண்டு இறங்கும். ஆனால் மோலி, டெட்ரா எல்லாம் வரிசையாக நீர்மட்டத்தில் வாயைத் திறந்து நின்றால், தண்ணீரில் கோளாறு.

என்னிடம் ஒரு ஏஞ்சல் மீன் இருந்தது. தினமும் வலது மூலைக்கு முதலில் வருவது அதுதான். ஒரு நாள் வரவில்லை. ஃபில்டருக்குப் பின்னால் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு, தலை லேசாகக் கீழே சாய்ந்து நின்றது. செவுள் படபடவென்று அடித்தது. உடம்பில் ஒரு புள்ளிகூட இல்லை. தண்ணீரைச் சோதித்தால், கழிவிலிருந்து உண்டாகும் நைட்ரைட் என்ற நச்சு இருந்தது. அது பூஜ்யமாக இருக்க வேண்டும். முந்தின வாரம் ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் பளிச்சென்று கழுவியிருந்தேன். ஸ்பாஞ்சில் வாழ்ந்து கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா, குழாய்த் தண்ணீரின் குளோரினில் செத்துப்போய்விட்டது. மருந்து எதுவும் ஊற்றவில்லை. மூன்றில் ஒரு பங்கு தண்ணீரைத் தினமும் மாற்றினேன், தீனியைக் குறைத்தேன், ஏர் பம்ப் ஓடிக்கொண்டே இருந்தது. நான்காம் நாள் மூலைக்கு வந்தது. அன்றிலிருந்து ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில்தான் அலசுகிறேன்.

அதனால், மீன் சோர்ந்தால் முதலில் தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட்டை எடுங்கள், மருந்து பிறகு. மாற்றும் தண்ணீரில் குளோரின் நீக்கி கலந்து, தொட்டியின் சூட்டுக்குக் கொண்டுவந்து ஊற்றுங்கள்.

வெள்ளைப்புள்ளி நோய் வேறு விஷயம். மீன் கல்லில் உரசிக்கொண்டு போகும், பிறகு உப்புத் தூவினது போலப் புள்ளிகள் வரும். ஒட்டுண்ணி தோலுக்குள் இருக்கும்வரை மருந்து அதைத் தொடாது. உதிர்ந்து, அடியில் நூற்றுக்கணக்காகப் பெருகி, குஞ்சாக நீந்தி வரும்போதுதான் சாகும். ஆகவே புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்தாதீர்கள், மருந்துப் பெட்டியில் சொன்ன நாள் முழுக்கப் போடுங்கள். ஃபில்டரில் கார்பன் இருந்தால் எடுத்துவிடுங்கள், அது மருந்தை உறிஞ்சிவிடும். ஹீட்டரைக் கூட்டினால் ஒட்டுண்ணியின் அந்த வாழ்க்கைச் சுற்று சீக்கிரம் முடியும். ஆனால் சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, காற்றைக் கூட்டாமல் சூட்டைக் கூட்டக் கூடாது.

வயிறு உப்பிச் செதில்கள் சிலிர்த்து நின்றால் உடனே தனியாகப் பிரித்துவிடுங்கள். காப்பாற்றுவது கடினம்.

புதிதாக வாங்கும் எந்த மீனையும் நான்கு வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பாருங்கள். அதற்கென ஒரு வலை, ஒரு வாளி தனியாக இருக்கட்டும்.