மதியம் இரண்டரை மணிக்கு உங்கள் பிராசஸர் எத்தனை டிகிரி?

காரைக்குடி செக்காலைப் பக்கம் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். சித்திரை பிறந்தால் போதும், ஒரே புகார்தான் வரும்: "அண்ணே, காலையில நல்லா ஓடுது, மதியம் சாப்பிட்டு வந்து உக்காந்தா சிஸ்டம் இழுக்குது."

தேவகோட்டையில் கல்யாண ஆல்பம் செய்யும் தம்பி ஒருவரும் இதைச் சொல்லிக்கொண்டுதான் வந்தார். விண்டோஸை இரண்டு தடவை புதிதாகப் போட்டுப் பார்த்துவிட்டார், ரேம் வேறு கூட்டியிருந்தார். கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸர் சூடேறினால் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அந்தச் சூட்டைக் காட்டும் மென்பொருள் ஒன்றும் அவரிடம் ஏற்கெனவே இருந்தது. திரையின் மூலையில் 52 என்று பச்சையாகக் காட்டும். அவர் பார்க்கிற போதெல்லாம் 50, 55தான். வெட்டி ஒட்டிய வீடியோவை ஒரே கோப்பாக்க ரெண்டர் போட்டுவிட்டு எழுந்து போகிறாரே, அந்த நேரத்தில் எவ்வளவு என்று அதனிடம் பதில் இல்லை.

அதனால் மென்பொருள் தேர்வு செய்யும்போது நான் முதலில் பார்ப்பது, அது எதை நினைவில் வைத்துக்கொள்கிறது என்பதைத்தான். இப்போதைய சூடு, குறைந்தபட்சம், அதிகபட்சம் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். சில நொடிக்கு ஒரு தடவை எல்லாவற்றையும் கோப்பில் எழுதி வைக்கவும் வேண்டும். வண்ண முள், கடிகார வட்டமெல்லாம் இல்லாவிட்டால் ஒன்றும் குறையில்லை.

விண்டோஸில் இந்த இரண்டும் உள்ளவற்றில் நான் நம்புவது ஹெச்டபிள்யூஇன்ஃபோவும் லிப்ரே ஹார்டுவேர் மானிட்டரும். முதலாவது மிக விரிவானது. திறக்கும்போது 'சென்சார்ஸ் ஒன்லி' என்பதை டிக் செய்தால் நேராக சூட்டுப் பட்டியலுக்குப் போகலாம். பிராசஸர் சூட்டினால் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டதா என்பதை 'தெர்மல் த்ராட்லிங்' என்ற வரியில் ஆம், இல்லை என்றே சொல்லிவிடும். ஆனால் இலவசப் பதிப்பு சொந்த உபயோகத்துக்கு மட்டும். ஸ்டுடியோ, ஆபீஸ் என்றால் உரிமம் வாங்க வேண்டும். லிப்ரே திறந்த மூல மென்பொருள், தொழிலுக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆல்பம் தம்பிக்கு அதைத்தான் போட்டுக்கொடுத்தேன்.

போட்டவுடன் அதை நம்பிவிடக் கூடாது. இரவு முழுக்க அணைத்து வைத்த கம்ப்யூட்டரைக் காலையில் போடுங்கள், ஐந்து நிமிடம் எந்த வேலையும் கொடுக்காதீர்கள். சுவரில் ஒரு தெர்மாமீட்டர் இருக்கட்டும். காற்றில் குளிரும் பிராசஸர் அறையைவிடக் குளிர்ச்சியாக இருக்க முடியாது. அறை 31, மென்பொருள் 36 முதல் 45 வரை காட்டுகிறது என்றால் சரி. 29 காட்டினாலும் விட்டுவிடலாம், ஏனென்றால் இன்டெல் பிராசஸரின் சென்சார் அளப்பது, அது தாங்கும் உச்ச வரம்புக்கு இன்னும் எத்தனை டிகிரி பாக்கி என்பதை. சூடு கூடக்கூட அது துல்லியமாகும், குளிர்ந்திருக்கும்போது கொஞ்சம் தடுமாறும். அறை 31 இருக்க 16 என்று காட்டினால் அந்த மென்பொருளுக்கு உங்கள் பிராசஸரைத் தெரியவில்லை. வரம்பைத் தவறாக எடுத்துக்கொண்டு கழிக்கிறது. உங்கள் பிராசஸருக்குப் பின் வந்த புதிய வெளியீடாகப் பார்த்துப் போடுங்கள்.

ஏஎம்டி நிறுவனத்தின் பிராசஸர்களில் இன்னொன்று உண்டு. 2017-ல் வந்த ரைசன் 1700எக்ஸ், 1800எக்ஸ் இரண்டும் ஃபேன் கட்டுப்பாட்டுக்காக உண்மைச் சூட்டுடன் 20 டிகிரி சேர்த்துச் சொல்லும். இது தெரியாத பழைய மென்பொருளைப் பார்த்துப் பயந்து, நல்ல கூலரைக் கழற்றிப் போட்டவர்கள் உண்டு. பட்டியலில் ஏதோ ஒரு வரி மட்டும் 127 என்று அசையாமல் நிற்கிறதா? பதற வேண்டாம். மதர்போர்டில் எதுவும் இணைக்காத சென்சார் முனையாக இருக்கும். 'பேக்கேஜ்' (முழு பிராசஸர்), 'கோர்' (அதற்குள் இருக்கும் ஒவ்வொரு கரு) என்று வரும் வரிகள்தான் நமக்கு வேண்டும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், சிபியு என்பது பிராசஸர்தான், ஆனால் நம் ஊரில் கேபினட் முழுவதையுமே சிபியு என்கிறோம், எந்த வரி எதன் சூடு என்று குழம்பிவிடும்.

இன்னொரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். சூட்டின் அளவு பிராசஸருக்கு உள்ளே ரெஜிஸ்டர் என்ற சின்ன நினைவிடத்தில் இருக்கிறது. சாதாரண மென்பொருளால் அதைத் தொட முடியாது, விண்டோஸின் உள்மையமான கர்னல் வரை போகும் டிரைவர் வேண்டும். அதனால்தான் இவை அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதி கேட்கின்றன. வீட்டுச் சாவியையே கொடுப்பது மாதிரி. அதை உருவாக்கியவர்களின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். இப்படிப்பட்ட பல மென்பொருள்கள் பயன்படுத்திய வின்ரிங்ஜீரோ என்ற டிரைவரில் பாதுகாப்பு ஓட்டை இருந்ததால், 2025-ல் விண்டோஸ் டிஃபெண்டர் அதைப் பிடித்து நிறுத்தத் தொடங்கியது. அப்படி எச்சரிக்கை வந்தால் டிஃபெண்டரை அணைக்காதீர்கள், புதிய வெளியீடு இருக்கிறதா என்று பாருங்கள்.

லினக்ஸ் என்றால் எல்எம்-சென்சார்ஸ் போதும். ஒரு முறை சென்சார்ஸ்-டிடெக்ட் ஓட்டிவிட்டால், அப்புறம் டெர்மினலில் சென்சார்ஸ் என்று தட்டினாலே வந்துவிடும். கோர்டெம்ப் என்ற தலைப்பில் இருப்பது இன்டெல், கே10டெம்ப் என்றால் ஏஎம்டி.

சரி, தேவகோட்டைக்கு வருகிறேன். காலை ஒன்பதுக்கு லிப்ரேயில் ஐந்து நொடிக்கு ஒரு பதிவு என்று வைத்துவிட்டு, "வழக்கம்போல வேலை பாருங்க தம்பி" என்று சொல்லிவிட்டு வந்தேன். சாயங்காலம் போய்க் கோப்பை எக்ஸலில் திறந்தோம். பதினொரு மணிக்கு 78. இரண்டு இருபதுக்கு 100-ஐத் தொட்டு, ஒன்றரை மணி நேரம் அங்கேயே நின்றிருக்கிறது. அவருடையது இன்டெல் ஐ5-10400 பிராசஸர், அதன் வரம்பே 100தான். அதே வரிசைகளில் வேகம் 4,000 மெகாஹெர்ட்ஸிலிருந்து 2,600 வரை இறங்கியிருந்தது. தம்பி விரலை வைத்து வரி வரியாகப் பார்த்தார். "அப்ப விண்டோஸ் மேல தப்பே இல்லையாண்ணே?" என்றார்.

பக்கத் தகட்டைக் கழற்றினால் ஃபேன் பளிச்சென்று இருந்தது, மேலே மேலே துடைத்திருக்கிறார். ஃபேனைத் தூக்கிய பிறகுதான் தெரிந்தது: பிராசஸர் சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோகத் தகடுகளான ஹீட்சிங்க் இடுக்குகளில் இலவம்பஞ்சை அமுக்கி வைத்த மாதிரி சாம்பல் நிறத்தில் தூசி. அதன் அடியில், பிராசஸர் சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்தும் பேஸ்ட், காய்ந்த சுண்ணாம்பு போல வெடித்துக் கிடந்தது. பிரஷ், ப்ளோயர், புதுப் பேஸ்ட் என்று அரை மணி நேர வேலைதான். மறுநாள் அதே வேலை, அதே மதியம், அதிகபட்சம் 79.

இடமும் முக்கியம். அவர்கள் வீடு பழைய செட்டிநாட்டு வீடு. கம்ப்யூட்டர் இருந்ததோ மாடியில் பிற்பாடு கட்டிய கான்கிரீட் அறையில். அறைச் சூடு ஐந்து டிகிரி ஏறினால் பிராசஸரும் ஏறக்குறைய அவ்வளவு ஏறும். கீழே பட்டாலைக்குக் கொண்டுவந்து, ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் நேராக வைக்காமல் ஒரு முக்காலியில் வைக்கச் சொன்னேன், தரைத் தூசி உள்ளே போகாது. தடித்த சுவர், பக்கத்தில் முற்றம். அங்கே அதிகபட்சம் 73-ல் நின்றது.

கிளம்பும்போது கேபினட்டின் உள்பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டினேன்: தேதி, மணி 2.30, அறை 33, அதிகபட்சம் 73, ரெண்டர் வேலை. அடுத்த சித்திரையில் அதே வேலையைக் கொடுத்துப் பார்த்து, அறைச் சூட்டின் வித்தியாசத்தைக் கழித்த பிறகும் பத்து டிகிரி கூடியிருந்தால் ஃபேனைக் கழற்றச் சொல்லியிருக்கிறேன்.