மட்டக்களப்பு மதில்களைப் பார்க்கும்போது நாம் விடும் பிழைகள்

மாரி தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், கோட்டைமுனைப் பக்கம் ஒரு ஒழுங்கைக்குள் நின்று மதிலொன்றைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். படலையைத் திறந்துகொண்டு வீட்டுக்கார ஐயா வந்தார். சாரத்தை மடித்துக் கட்டியபடி என் முகத்தையும் கையில் இருந்த போனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன மனே, முனிசிபலா? காணி ஏதும் அளக்கப் போறீங்களா?"

"இல்லை ஐயா, இந்த எழுத்தைப் பாக்கிறன்."

அவரும் திரும்பி மதிலைப் பார்த்தார். நீல ஸ்பிரேயில் மூன்று எழுத்து, கடைசி எழுத்தின் வாலில் ஒரு அம்பு. "இதையா? இது சும்மா கிறுக்கல். பாக்கணுமெண்டா பள்ளிக்கூட மதிலுக்குப் போங்க. அங்க வடிவா மயில் கீறியிருக்கு."

நல்ல மனிதர், உள்ளே கூப்பிட்டுப் பிளேன்டீயும் தந்தார். ஆனால் மதில் பார்க்கிற எல்லாரும் முதலில் விடுகிற பிழை அவர் சொன்ன அந்த வார்த்தைதான்: கிறுக்கல்.

எழுத்தைத் தாண்டிப் படத்தைத் தேடுவது

ஐயா கிறுக்கல் என்றதற்குக் கிராஃபிட்டி என்று பெயர். அதன் வேர் எழுத்தில் இருக்கிறது. அதைச் செய்கிறவர்கள் தங்களை ஓவியர் என்று சொல்லிக்கொள்வதை விட 'ரைட்டர்' என்று சொல்வதுதான் அதிகம். 1960களின் கடைசியில் பிலடெல்பியாவிலும் நியூயோர்க்கிலும் இளைஞர்கள் தங்கள் பட்டப்பெயரைச் சுவர் சுவராக எழுதத் தொடங்கினார்கள். அதில் பேர்போனவன் டாக்கி 183. பொதி கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை பார்த்த பொடியன் அவன். போன இடமெல்லாம் பெயரை எழுதினான். 183 என்பது அவன் குடியிருந்த தெருவின் இலக்கம். 1971 ஜூலையில் நியூயோர்க் டைம்ஸ் அவனைப் பற்றி எழுதியதும் அவனைப் பார்த்து எழுதுகிறவர்கள் பெருகினார்கள். பெயரும் தெரு இலக்கமும், அவ்வளவுதான் சரக்கு. மயிலும் இல்லை, சூரிய உதயமும் இல்லை.

அப்படியானால் அதில் எதைப் பார்ப்பது? கோடு விழுந்த விதத்தைப் பாருங்கள். ஸ்பிரே டப்பாவைச் சுவருக்குக் கிட்டப் பிடித்தால் கோடு மெல்லிசாகவும் கூராகவும் விழும். தள்ளிப் பிடித்தால் அகன்று ஓரம் புகைந்துபோகும். கை எங்கே தயங்கி நின்றதோ அங்கே பெயின்ட் தேங்கி வடிந்திருக்கும். தேர்ந்த கை அந்த வடிதலை வேண்டுமென்றே விடுவதும் உண்டு. ஆனால் அப்படி விட்டது பெரும்பாலும் எழுத்தின் முடிவில் இருக்கும். ஐயாவின் மதிலில் இருந்த அம்பை விரலால் காற்றில் எழுதிப் பார்த்தேன். கீழிருந்து மேலே ஒரே வீச்சு. அரை வினாடி கூடப் போகாது. அந்த அரை வினாடி வாய்க்க எத்தனை கொப்பி நிறைய எழுதிப் பழகியிருப்பான்!

வகை தெரிந்தால் இன்னும் சுகம். ஒரே நிறத்தில் ஒரே மூச்சில் எழுதும் கையெழுத்து 'டேக்'. பலூன் போல ஊதிய எழுத்து, உள்ளே ஒரு நிறம், ஓரத்துக்கு ஒரு நிறம், சில நிமிட வேலை என்றால் 'த்ரோ-அப்'. பல நிறம், நிழல், பின்னணி எல்லாம் போட்டு மணிக்கணக்கில் செய்தது 'பீஸ்'. ஒருவருடைய பீஸுக்கு மேல் இன்னொருவர் போய் டேக் அடிப்பது அவர்களுக்குள் மகா அவமரியாதை. மதிலில் ஒன்றின் மேல் ஒன்று எழுதியிருந்தால் அது குப்பையா சண்டையா என்று இதை வைத்துத்தான் பிடிக்கலாம்.

தமிழில் எழுதியது கண்ணில் பட்டால் தாண்டிப் போகாதீர்கள். ஓலையில் நேர்கோடு இழுத்தால் நார் வழியே கிழியும், அதனால்தான் நம் எழுத்து வளைந்தது என்று சொல்வார்கள். ஸ்பிரே டப்பாவுக்கு அந்த வளைவு மிகவும் பிடித்த விஷயம். கல்லடியில் ஒரு கடை ஓரச் சுவரில் யாரோ தன் பெயரை எழுதியிருக்கிறார், 'ண்' இல் முடிகிற பெயர். மூன்று சுழியையும் கை எடுக்காமல் சுற்றியிருக்கிறார். முதலாவது பெரிது, இரண்டாவது இறுக்கம், மூன்றாவதில் பெயின்ட் கொஞ்சம் ஒழுகி இருக்கிறது. புள்ளியை எழுத்தின் தலையில் வைக்காமல் ஒரு சாண் தள்ளி, தனியாக, ஒரு அழுத்து. நெற்றியை விட்டு விலகிய பொட்டு மாதிரி. ஆங்கிலத்தில் எழுதுகிற எவனுக்கும் இந்தப் புள்ளி கிடைக்காது.

இந்தக் கண்ணைப் பழக்குவதற்கு நமக்கு நல்ல வாத்திமார் இருந்தார்கள்: கடைக்குப் போட் எழுதினவர்கள். ஃபிளெக்ஸ் வந்த பிறகு அவர்களுக்கு வேலை குறைந்துபோயிற்று. ஆனாலும் கல்முனை வீதியில் மெதுவாகச் சைக்கிளில் போனால், தூரிகையால் எழுதி நிழல் போட்ட பெயர்ப்பலகை ஒன்றிரண்டு இன்னும் தட்டுப்படும். கொம்பையும் காலையும் எவ்வளவு இடைவெளியில் வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு மதிலுக்கு வாருங்கள்.

எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கட்டுவது

நம் சுவர்களில் இருப்பவை பல சாதி. தேர்தல் சின்னம், கம்பனிக்காரர் இலவசமாகப் பெயின்ட் அடித்துக் கொடுத்து எழுதிய விளம்பரம், டெங்கு நுளம்பு பற்றிய விழிப்புணர்வுப் படம், திட்டக் காசில் வந்த சமாதானப் புறா, இதயத்துக்குள் இரண்டு முதலெழுத்து, அப்புறம் இந்த டேக்குகள். புறாவைப் பார்த்து "என்ன துணிச்சல்" என்பதும், டேக்கைப் பார்த்து "இதில் என்ன சமூகக் கருத்து" என்பதும் ஒரே அளவுக்கு அசட்டுத்தனம். யார் காசு கொடுத்தது, பகலில் கீறியதா இரவில் எழுதியதா, அனுமதி இருந்ததா என்று கேட்டாலே பாதி விளங்கிவிடும்.

2019 நவம்பரில் ஜனாதிபதித் தேர்தல் முடிந்த கையோடு நாடு முழுக்க இளைஞர்கள் சுவர்களில் படம் கீறக் கிளம்பினார்கள், நினைவிருக்கும். அதையும் கிராஃபிட்டி என்று எழுதினவர்கள் உண்டு. பட்டப்பகலில், ஊர் கூடி, பெயின்ட் வாளிக்குச் சுற்றிவரப் பிள்ளைகள் நிற்கக் கீறியவை அவை. அரசர்கள், விலங்குகள், இயற்கைக் காட்சி, தெற்கில் பல இடங்களில் போர் வீரர்களைப் போற்றும் படங்கள். கீறிய பிள்ளைகளின் உழைப்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கொழும்பில் நின்று பார்ப்பவருக்கும் மட்டக்களப்பில் நின்று பார்ப்பவருக்கும் அந்தப் படங்கள் ஒரே படங்கள் இல்லை. "அழகாயிருக்கிறது, விடு" என்று சொல்லிவிட்டால் அது தெரியாமலே போகும்.

வெள்ளையை வெறுமை என்று நினைப்பது

எழுத்தைக் கண்டு முகம் சுளிக்கும் பெரியவர்களை ரசனை இல்லாதவர்கள் என்று இளசுகள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். இது கொஞ்சம் பாரமான பிழை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும், போர்க்காலத்தில், இங்கே வளர்ந்தவர்களுக்கு மதிலில் எழுத்து என்றால் வேறு அர்த்தம். இரவில் யாரோ எழுதிவிட்டுப் போவார்கள். விடிந்தால் பதில் சொல்ல வேண்டியவர் வீட்டுக்காரர்.

எங்கள் வீட்டுக் கிணற்றடியில் ஒரு வாளிச் சுண்ணாம்பு எப்போதும் கரைத்தபடி இருக்கும். அப்பா பல் தீட்டிக்கொண்டே படலையடிக்குப் போய் மதிலின் வெளிப்பக்கத்தை எட்டிப் பார்ப்பார், மற்றவர்கள் பேப்பர் வந்ததா என்று பார்ப்பதைப் போல. ஒரு நாள் பார்த்தவர் வாயில் நுரையோடு ஓடி வந்தார். பின்னால் போன என்னை, "வாசிக்காத, உள்ள போ" என்று தள்ளினார். நான் திரும்பி வந்தபோது ஈரச் சுண்ணாம்பு மட்டும்தான் இருந்தது. என்ன எழுதியிருந்தது என்று இன்றுவரை தெரியாது.

அதனால் பழைய மதில்களில் எழுத்தை மட்டும் பார்க்காதீர்கள், அழித்த இடத்தையும் பாருங்கள். ஒரே மதிலில் ஒரு சதுரம் மட்டும் வேறு வெள்ளையாக இருக்கும். சில இடத்தில் நாலைந்து வெள்ளை, அடுக்கு அடுக்காக. கிராஃபிட்டி உலகத்தில் இப்படி அழிப்பதற்கு 'பஃப்' என்று பெயர். நியூயோர்க் நிலக்கீழ் ரயில்களில் 1989 மே மாதத்தோடு எழுத்து ஒழிந்தது என்று அறிவித்தது இந்த வேலையை விடாமல் செய்ததால்தான். அங்கே அது நிர்வாகத்துக்கும் பொடியன்மாருக்கும் இடையிலான விளையாட்டு. இங்கே சுண்ணாம்புத் தூரிகை உயிர்ப் பயத்தோடு பிடித்த தூரிகை.

கேளாமல் நிற்பது

வீட்டு மதில் என்றால் படலையில் தட்டி, "ஐயா, அம்மா, இந்த மதிலை ஒரு படம் எடுக்கலாமா" என்று கேட்டுவிடுங்கள். காத்தான்குடி, ஏறாவூர்ப் பக்கம் என்றால் கடையில் இருக்கும் காக்காமாரிடம் ஒரு வார்த்தை. மறுப்பவர்கள் குறைவு, கதை சொல்பவர்கள்தான் அதிகம். பாதுகாப்புப் படை முகாம், பொலிஸ் நிலையம் இவற்றின் மதிலில் எவ்வளவு நல்ல எழுத்து இருந்தாலும் போனைப் பையிலேயே வைத்திருங்கள். கோயில், பள்ளிவாசல், தேவாலய மதில்களில் காவிப் பட்டையோ பச்சைப் பூச்சோ வேறு கணக்கில் வருபவை.

ஸ்பிரே டப்பாவோடு போகிற எண்ணம் இருப்பவர்களுக்கும் இதுதான். உடைமைக்காரரின் சம்மதம் இல்லாமல் அடித்தால் அதைக் கழுவப்போகிறவர் பெரும்பாலும் கூலிக்கு வரும் ஒருவர், அல்லது அந்த வீட்டு அம்மா.

தன் பெயரையும் சேர்த்துவிட்டு வருவது

ரசிக்கப் போன இடத்தில் கை துருதுருக்கும். 1628 இல் போர்த்துக்கேயர் கட்டிய நம் கோட்டையில் நின்றாலும் சிலருக்குத் திறப்பை எடுத்துக் கல்லில் சுரண்டத் தோன்றும். சீகிரியக் கண்ணாடிச் சுவரைச் சாட்டாகச் சொல்வார்கள்: "அந்தக் காலத்து ஆட்கள் எழுதவில்லையா?" எழுதினார்கள்தான். பெரும்பாலும் 8ஆம் நூற்றாண்டுக்கும் 10ஆம் நூற்றாண்டுக்கும் இடையில் மலையேறி வந்தவர்கள், ஓவியப் பெண்களைப் பார்த்த மயக்கத்தில் சுவரில் கவிதை கீறிவிட்டுப் போனார்கள். அவற்றில் 685 ஐத் தொல்லியலாளர் பரணவிதான வாசித்து 1956 இல் பதிப்பித்தார். இந்தத் தீவின் மிகப் பெரிய கிராஃபிட்டித் தொகுப்பு அதுதான். அதே சுவரில் 2015 இல் பெயர் கீறிய ஒரு இளம்பெண்ணுக்கு 2 வருடச் சிறை விதித்தார்கள். பிறகு ஜனாதிபதியின் மன்னிப்பில் வெளியே வந்தார். அந்தத் தண்டனை மிக அதிகம் என்பதுதான் என் எண்ணம். ஆனாலும் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். ஒரு சுவர் தொல்பொருள் ஆனபின் அதில் எழுதும் உரிமை எவருக்கும் மிச்சமில்லை.

பாங்க்ஸியை இழுத்துவருவது

எதைக் கண்டாலும் "பாங்க்ஸி மாதிரி இல்லையே" என்பவர்கள் இருக்கிறார்கள். அவர் தன் அடையாளத்தை மறைத்துச் சுவரில் கீறும் பிரித்தானியக் கலைஞர். ஸ்டென்சில் வெட்டி அடிப்பவர், அது ஒரு வழி, அவ்வளவுதான். இன்னொரு பக்கம் அறுகம்பே. அலை பிடிக்கும் மாதங்களுக்காகப் பொத்துவில் பக்கம் கடைச் சுவர்களில் சர்ஃப் பலகையும் ஆங்கில வாசகமும் நிறையக் கீறியிருப்பார்கள். நிறம் நல்லாயிருக்கும். வெளியில் இருந்து வருபவர் கண்ணுக்காகக் கீறியது என்று தெரிந்து பார்த்தால் போதும்.

ஒரு தடவை பார்த்துவிட்டு முடிப்பது

நமக்கு ஆண்டு மழையில் பெரும்பங்கு ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டித் தீர்க்கிறது. வாவிப் பக்கமும் கடல் பக்கமும் உப்புக் காற்று. சீமெந்துச் சுவர் உப்புப் பூக்கும், பூத்த இடத்தில் பெயின்ட் பொருக்காக எழும்பி உதிரும், கீழ் இரண்டடிக்குப் பாசி ஏறும். ஐப்பசியில் பார்த்த மதில் தையில் அதே மதிலாக இருக்காது. நடு மத்தியானம் போகாதீர்கள், வெயிலில் எல்லா நிறமும் வெளுத்துத் தெரியும். காலை ஏழு மணிக்குச் சாய்ந்த வெளிச்சத்தில் பழைய சுண்ணாம்புக்குக் கீழே கிடக்கும் எழுத்தின் மேடு கூடத் தெரியும். அதைக் கண்டுபிடிப்பதில் ஒரு சின்னக் களவுச் சந்தோஷம் இருக்கிறது.

படம் எடுக்கும்போது எழுத்தை மட்டும் நெருக்கி எடுக்காதீர்கள், முன்னால் நின்று செல்ஃபியும் வேண்டாம். எதிர் ஓரம் வரை பின்னால் போய் மதில், படலை, மரம், மின்கம்பம் எல்லாம் வர ஒன்று, பிறகு கிட்டப் போய் ஒன்று. ஃபில்டர் போட்டால் நிறம் பொய்யாகிவிடும். நியூயோர்க்கில் 5பொயின்ட்ஸ் என்ற கட்டடம் முழுக்க எழுத்தாக இருந்தது. 2013 நவம்பரில் ஒரே இரவில் உடைமைக்காரர் வெள்ளை அடித்துவிட்டார். 21 கலைஞர்கள் வழக்குப் போட்டு, 2018 இல் 67.5 லட்சம் டொலர் நட்ட ஈட்டுத் தீர்ப்பு வாங்கினார்கள். ஆனால் அந்தச் சுவர்கள் மிஞ்சியது படங்களில் மட்டும்தான். இங்கே வழக்கும் வராது, டொலரும் வராது. உங்கள் போனில் இருப்பதுதான் மிச்சம். அதனால் படத்தோடு நாலு சொல் எழுதி வையுங்கள்: எங்கே, எப்போது, என்ன நிறம், பக்கத்தில் என்ன. என் போனில் ஐயாவின் மதிலுக்கு இப்படி இருக்கிறது:

"கோட்டைமுனை, இரண்டாவது ஒழுங்கை, வலப்பக்கம். மூன்று எழுத்து, நீலம், வாலில் அம்பு. அம்புக்குக் கீழே பழைய சுண்ணாம்புச் சதுரம், குறைந்தது மூன்று அடுக்கு. வீட்டுக்காரருக்கு எழுத்துப் பிடிக்கவில்லை, சதுரத்தைப் பற்றிக் கேட்டதும் கதையை மாற்றிவிட்டார். தையில் திரும்பப் போகவேண்டும்."