உதவித்தொகையோடு பரிணாம உயிரியலில் பிஎச்.டி.: விண்ணப்பிப்பது எப்படி?

கடலூர், புதுச்சேரி பக்கம் எம்.எஸ்சி. முடித்த பிள்ளைகள், "பிஎச்.டி.க்கு எவ்வளவு செலவாகும்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நல்ல இடம் கிடைத்தால் மாதாமாதம் உங்களுக்குத்தான் பணம் வரும். இடம் வாங்கித் தருகிறேன் என்று காசு கேட்பவர்கள் பக்கமே போகாதீர்கள்.

1. கேள்வியைப் பிடியுங்கள்

"எனக்குப் பரிணாமத்தில் ஆர்வம்" என்பது போதாது. பிச்சாவரம் சதுப்புநிலக் காட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அலையாத்தி, சுரபுன்னை என்ற இரண்டு மரங்களும் அங்கே ஒரே உப்புச் சேற்றில் நிற்கின்றன. அலையாத்தி, உள்ளே வந்த உப்பை இலைச் சுரப்பிகள் வழியாக வெளியே தள்ளுகிறது. இலையை நக்கிப் பார்த்தால் கரிக்கும். சுரபுன்னை பெரும்பகுதி உப்பை வேரிலேயே தடுத்துவிடுகிறது. இரண்டும் வெவ்வேறு தாவரக் குடும்பங்கள். ஒரே நெருக்கடிக்கு இவை ஏன் இப்படி வேறு வேறு வழியில் போயின, இதில் எந்த மரபணுக்கள் மாறின? இப்படிக் கேட்கத் தொடங்கினால் பாதி வேலை முடிந்தது. அப்புறம், அந்தக் கேள்வியை ஒட்டி வந்த ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து, எழுதியவர்களின் பெயர்களைக் குறித்து வையுங்கள். உங்கள் வருங்கால வழிகாட்டி அந்தப் பட்டியலில்தான் இருப்பார்.

2. இடங்கள்

இந்தியாவில் சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். எனப்படும் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. பெங்களூரில் தேசிய உயிரியல் அறிவியல் மையம் (என்.சி.பி.எஸ்.), இந்திய அறிவியல் கழகம், ஜவஹர்லால் நேரு உயர் ஆய்வு மையம் ஆகியவற்றில் நல்ல பரிணாம ஆய்வுக்கூடங்கள் உண்டு. வெளிநாடு என்றால், சுவீடனில் பிஎச்.டி. என்பதே சம்பள வேலைதான், கல்விக் கட்டணமும் கிடையாது. ஜெர்மனியில் பிளோன் நகரத்தில் பரிணாம உயிரியலுக்கென்றே ஒரு மாக்ஸ் பிளாங்க் நிறுவனம் இருக்கிறது. அமெரிக்காவுக்குப் பெரும்பாலும் டிசம்பரை ஒட்டி விண்ணப்பம் முடிந்துவிடும்.

3. மின்னஞ்சல்

எல்லாவற்றையும்விட இதற்குத்தான் நேரம் கொடுக்க வேண்டும். ஒரே கடிதத்தை ஐம்பது பேருக்கு அனுப்பினால், படிப்பவருக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடும். அரைப் பக்கம் போதும். முதல் பத்தியில், அவருடைய எந்தக் கட்டுரையைப் படித்தீர்கள், அதிலிருந்து உங்களுக்கு என்ன சந்தேகம் எழுந்தது என்று எழுதுங்கள். இரண்டாவதில் நீங்கள் கைப்பட என்ன செய்தீர்கள்: களத்தில் மாதிரி சேகரித்தது, டி.என்.ஏ. பிரித்தது, ஆர் (R) என்ற கணினி மொழியில் தரவை அலசியது. கடைசியில், அடுத்த ஆண்டு இடமும் நிதியும் உண்டா என்று நேராகக் கேளுங்கள். பணத்தைப் பற்றிக் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. சிவியை (தன்விவரக் குறிப்பு) இணையுங்கள். இரண்டு வாரம் பதில் இல்லையென்றால் ஒருமுறை நினைவூட்டுங்கள், போதும்.

4. ஆவணங்கள்

மதிப்பெண் பட்டியல், பாஸ்போர்ட், பரிந்துரைக் கடிதங்கள். கடிதம் தரும் பேராசிரியரிடம் ஒரு மாதம் முன்பே சொல்லி, சிவியையும் அந்த பிஎச்.டி. இடத்துக்கான விளம்பரத்தையும் கொடுத்துவிடுங்கள்.

5. நேர்காணல்

உங்கள் எம்.எஸ்சி. ஆய்வை ஐந்து நிமிடத்தில் சொல்லிப் பழகுங்கள். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லலாம். எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று சேர்த்துச் சொன்னால் இன்னும் நல்லது. இடம் கிடைத்ததும் உடனே சரி என்று சொல்லிவிடாமல், அந்த ஆய்வுக்கூடத்தில் இப்போது இருக்கும் மாணவர் ஒருவரிடம் பேசுங்கள். வழிகாட்டி எப்படிப்பட்டவர், உதவித்தொகை மாதம் தவறாமல் வருகிறதா, ஆய்வு நீண்டுபோனால் கடைசி ஆண்டுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு ஒப்புதல் கொடுங்கள்.