டிரிப்ஸ் ஓடினால் தாகம் அடங்கிவிடாது

ஐசியூவுக்குப் புதிதாக வந்த நர்ஸ் ஒருவர், நோயாளியின் மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "டிரிப்ஸ் போய்க்கிட்டுத்தானே இருக்கு, தாகம் எடுக்காதும்மா." அதே வசனத்தை அதே தொனியில் நானும் பல வருஷம் சொன்னவள். வாய் சுத்தம் செய்வது, தலைப்பக்கத்தை உயர்த்தி வைப்பது எல்லாம் வகுப்பிலேயே படித்திருப்பீர்கள், அதை விட்டுவிட்டு, தாகத்தில் நாம் செய்யும் தவறுகளைச் சொல்கிறேன்.

டிரிப்ஸை நம்பித் தாகத்தை மறப்பது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டும் தவறு இதுதான். ரத்தத்தின் அடர்த்தி ஓரிரு சதவீதம் கூடினாலே மூளை தாகத்தைக் கிளப்பிவிடும். டிரிப்ஸில் ஏற்றும் உப்பு நீரான நார்மல் சலைனில் லிட்டருக்கு 154 மில்லிமோல் சோடியம், ரத்தத்தில் ஏறக்குறைய 140தான். பாட்டில் பாட்டிலாக ஏற்றியும் தாகம் அதிகமாகலாம். சிறுநீர் பிரிய வைக்கும் மருந்தும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். போதாததற்கு, வலிக்குக் கொடுக்கும் ஓபியாய்டு மருந்துகளும், மூச்சுக்காக வாய் வழியே போட்ட டியூப் கிடப்பதால் திறந்தே இருக்கும் வாயும் நாக்கைக் காய வைக்கும். நரம்பில் போகும் திரவம் அந்த நாக்கை நனைக்கப்போவதில்லை.

வென்டிலேட்டரில் இருந்த ஒருவர் கையை வாய்ப்பக்கமே கொண்டுபோய்க்கொண்டிருந்தார். டியூபைப் பிடுங்கப் பார்க்கிறார் என்று முடிவு கட்டி, கையைக் கட்டினோம். அப்புறமும் அடங்கவில்லை என்று மயக்க மருந்தைக் கூட்டச் சொன்னதும் நான்தான். வென்டிலேட்டரிலிருந்து விடுவிப்பது அதனாலேயே தள்ளிப்போனது. பேச முடிந்த பிறகு அவர் சொன்னார்: "ஒவ்வொரு தடவையும் எதிர்க்கக் குழாயைத் திறந்து கை கழுவுவீங்களே சிஸ்டர், அந்தச் சத்தத்தைத்தான் தாங்க முடியல."

டியூப் இருந்தாலும் விழிப்போடு இருப்பவர் தலையசைப்பார். "தாகமா?" என்று கேளுங்கள். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று விரலால் காட்டச் சொல்லுங்கள். வலிக்குக் கேட்கிறோமே, அதே மாதிரிதான்.

தாகம் என்றால் குளிர்ந்த நீரை வாய்க்குள் மெல்லிய ஸ்பிரேயாக அடிக்கலாம். ஐஸ் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் நாக்கையும் ஈறையும் ஒற்றலாம். உதட்டுக்கு மென்தால் கலந்த ஈரப்பசை. வாயில் தேங்கும் நீரை உறிஞ்சி எடுக்கும் சக்‌ஷன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். தண்ணீர் ரத்தத்தில் சேரும் முன்பே, வாயில் படும் குளிர்ச்சியே தாகத்தைத் தணிக்கும். 252 ஐசியூ நோயாளிகளிடம் நடத்தி 2014-இல் வெளியான ஆய்வு ஒன்றில் இந்த மூன்றும் சேர்ந்து தாகத்தைக் குறைத்தன. செலவென்று பார்த்தால் ஒன்றுமே இல்லை, அதுதான் கோபம்.

எலுமிச்சை கிளிசரின் பஞ்சு

வாய் துடைக்க இது வேண்டாம். கிளிசரின் ஈரத்தை உறிஞ்சும், புளிப்பு பல்லை அரிக்கும்.

தாகத்தைப் புலம்பலாக நினைப்பது

நேற்றுவரை கேட்காதவர் இன்று விடாமல் தண்ணீர் கேட்டால் சர்க்கரையையும் சோடியத்தையும் பாருங்கள். கூடவே நாடித்துடிப்பும் ஏறினால் உள்ளே எங்காவது ரத்தம் கசிகிறதா என்று டாக்டரைக் கூப்பிடுங்கள்.

டியூபை எடுத்ததும் டம்ளரை நீட்டுவது

பாவம்தான், ஆனாலும் பொறுங்கள். விழுங்கும் திறன் பலருக்கு உடனே திரும்பாது. இருமலே வராமல் தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடலாம். முதலில் விழுங்கிப் பார்க்கும் பரிசோதனை, சரி என்றால் மடக்கு மடக்காக.

ஹை ஃப்ளோ ஆக்சிஜனை ஈரப்படுத்தாமல் ஓட்டுவது

வேகமாக ஓடும் காய்ந்த ஆக்சிஜன் வாயை உலர்த்தும். அதை ஈரப்படுத்தும் ஹியூமிடிஃபையரில் தண்ணீர் இருக்கிறதா என்று ஷிஃப்ட் தொடங்கும்போதே பாருங்கள்.

ஐஸ் துண்டைக் கணக்கில் எழுதாதது

நீர்க் கட்டுப்பாடு உள்ளவருக்கும், விழுங்க முடிந்தால், டாக்டர் அனுமதியோடு ஐஸ் துண்டுகள் தரலாம். ஒரு கப் ஐஸ் உருகினால் ஏறக்குறைய அரை கப் தண்ணீர். சார்ட்டில் அந்த அரை கப்பை எழுதுங்கள்.