பால்போல் வெளுத்து, மின்சாரம் பட்டதும் தெளியும் படலம்: செய்முறை

மைக்ரான் அளவுத் திரவப் படிகத் துளிகள் பாலிமருக்குள் சிதறிக் கிடக்கும் படலம் இது. திரவப் படிகம் என்பது திரவம்போல் ஓடினாலும் மூலக்கூறுகள் ஒரு திசையில் அணிவகுக்கும் பொருள். ஈ7 என்ற திரவப் படிகக் கலவைக்கு, மூலக்கூறுகள் நிற்கும் திசையைப் பொறுத்து, ஒளிவிலகல் எண்கள் இரண்டு: ஏறத்தாழ 1.52, 1.75. புற ஊதா ஒளியில் இறுகிப் பாலிமராகும் பசை என்ஓஏ65; இறுகியபின் அதற்கு 1.524. மின்புலம் இல்லாதபோது ஒவ்வொரு துளியின் மூலக்கூறுகளும் ஒவ்வொரு திசையில் நிற்கும்; ஒளி சிதறும், படலம் வெளுக்கும். மின்புலம் வந்ததும் எல்லாத் துளிகளின் மூலக்கூறுகளும் அதன் போக்கில் திரும்பும். நேராக வரும் ஒளிக்கு அப்போது துளியும் பசையும் ஒன்றுதான்.

1. 2.5 செ.மீ. சதுர ஐடிஓ கண்ணாடி (ஒரு பக்கம் மின்சாரம் கடத்தும் ஒளிபுகு பூச்சுள்ளது) இரண்டு எடுங்கள். மல்டிமீட்டர் மின்தடை காட்டும் பக்கமே பூச்சுள்ள பக்கம். சோப்பு நீர், காய்ச்சி வடித்த நீர், ஐசோபுரொப்பனால் என்ற வரிசையில் கழுவி உலர்த்துங்கள். ஒரு தூசி போதும், ஷார்ட் ஆகிவிடும்.

2. ஈ7, என்ஓஏ65 தலா 100 மி.கி. கையுறையோடு, வெயில் படாமல் கலக்குங்கள். கலங்கலாக இருந்தால் தெளியும்வரை மெல்லச் சூடாக்குங்கள். இறுகவைப்பதும் அதே சூட்டில்தான்.

3. 20 மைக்ரான் ஸ்பேசர் (இரு கண்ணாடிகளுக்கும் இடைவெளி காக்கும் நுண்மணிகள்) தூவி, கலவையில் ஒரு சொட்டு விட்டு, பூச்சுகள் ஒன்றையொன்று பார்க்கும்படி மூடுங்கள். கிளிப் மாட்ட இரு ஓரங்களிலும் 5 மி.மீ. தள்ளி வையுங்கள். மேல் கண்ணாடியை ஒரு பக்கமிருந்து சாய்த்து இறக்கினால் குமிழி வராது.

4. 365 நானோமீட்டர் புற ஊதா விளக்கு, சதுர செ.மீ.க்கு 10 மில்லிவாட், 5 நிமிடம். புற ஊதாவைத் தடுக்கும் பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் விளக்கைப் பார்க்கவே கூடாது.

படலத்தின் தலையெழுத்து இந்த நாலாம் படியில்தான். விளக்கு வலுவாக இருந்தால் பசை சட்டென்று இறுகும், துளிகள் வளர நேரமிருக்காது; சிறிய துளிகளைத் திருப்ப அதிக வோல்ட் வேண்டும். விளக்கு மங்கலானால் துளிகள் பெருத்து, சிதறல் குறைந்து, வெண்மை நீர்த்துப்போகும். ஆகவே முதலில் விளக்கின் தூரத்தை மட்டும் மாற்றி மூன்று படலம் செய்து பாருங்கள். கலவை விகிதத்தில் கைவைப்பது அதற்குப் பிறகு.

5. 1 கிலோஹெர்ட்ஸ் ஏசி, 10 கிலோ ஓம் மின்தடை வழியாக. 10 வோல்ட்டில் தொடங்கி மெல்ல ஏற்றுங்கள். பெரும்பாலும் 60 வோல்ட்டுக்குள் தெளியும். சாதாரண சிக்னல் ஜெனரேட்டர் மட்டும் போதாது, ஆம்ப்ளிஃபயர் வேண்டும். டிசி வேண்டாம்: அயனிகள் இரு பூச்சுகளின் அருகே குவிந்து மின்புலத்தை மறைத்துவிடும். மின்சாரம் இருக்கும்போது கிளிப்பைத் தொடாதீர்கள்.

திட்டுத்திட்டாகத் தெளிந்தால் தடிமன் சீராக இல்லை. மின்சாரமே இல்லாமல் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் வெண்மை குறைந்தால் பயப்பட வேண்டாம்; ஈ7 சாதாரணத் திரவமாகிவிட்டது, ஆறினால் திரும்பும். தெளிந்த படலம் சாய்த்துப் பார்க்கும்போது மங்கலாகத் தெரிவதும் பழுதல்ல: சாய்ந்து வரும் ஒளிக்கு 1.75இன் பங்கும் சேர்ந்துவிடுகிறது.